புளியமரத்தில் கட்டிய உப்பு

அவரைப் போலப் பயந்த ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ரோட்டைக் கடக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார மாட்டார். நடுவில் இடம் கிடைக்கிறவரை மூன்று ஆட்டோக்களை விட்டுவிட்டு வெயிலில் நிற்பார். லிஃப்டில் ஏற மாட்டார். வெளியிடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார். எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்.

"ஒருவேள பிரேக் புடிக்கலன்னா?" "ஒருவேள அந்த ஒயரு அறுந்து கெடந்தா?" "ஒருவேள இந்தத் தோசைக்கு மாவு நேத்து அரைச்சதா இருந்தா?"

எங்கள் லேபில் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே ‘ஒருவேளை அக்கா’ என்பதுதான். அது அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார், வெட்கப்பட்டதுபோலச் சிரிப்பார். நான்தான் அதிகம் கிண்டல் செய்வேன். எங்கள் குப்பத்து ஆண்கள் விடிவதற்கு முன்னால் இருட்டில் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள், என் வீட்டுக்காரர் உட்பட. பயந்து சாகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த நாளில் சிரிப்பு வரும்.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? வௌவால்.

நான் அப்போது கடலூர் முதுநகரில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். இறால் குட்டைத் தண்ணீரைச் சோதித்துச் சொல்கிற லேப். எங்கள் பக்கத்து இறால் குட்டைக்காரர்கள் எல்லோரும் மினரல் பைத்தியங்கள். தண்ணீரில் கால்சியம் குறைந்தால் இறாலுக்கு ஓடு இறுகாது, பொட்டாசியம் குறைந்தால் சுருண்டு செத்துப்போகும் என்று பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே வந்து வாசலில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருநாள் இரண்டு முகக்கவசம் போட்ட ஒரு அம்மாள், ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வயது நாற்பத்தைந்து இருக்கும். சொந்த ஊர் பெண்ணாடம் பக்கம். சிதம்பரத்தில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்து, பழந்தின்னி வௌவால்கள் என்ன சாப்பிடுகின்றன, அதில் அவற்றுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கிற ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்த்தார்.

"இதுல கால்சியமும் சோடியமும் எவ்ளோ இருக்குன்னு பாத்துக் குடுப்பியாம்மா?"

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டிய பைக்குள் பச்சையாக உருண்டை உருண்டையாக என்னவோ இருந்தது.

"இன்னாக்கா இது, வெத்தல மென்னு துப்புன மாதிரி?"

"வவ்வால் துப்புனது. இரு, இரு, தொறந்துடாத. இந்தா ரெண்டு கிளவுஸ். ஒன்னு மேல ஒன்னு போட்டுக்க."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை நான் கையுறையைக் கழற்றிவிட்டால்?

பழம் தின்கிற வௌவால் ஏன் இலையை மெல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. இலையைக் கடைவாயில் போட்டு அரைத்து, சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையை உருட்டித் துப்பிவிடுகிறது. நான் பழத்தையும் இலையையும் சக்கையையும் தனித்தனியாகச் சாம்பலாக்கிக் கரைத்து, சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டுச் சிவப்பு நீலமாக மாறுகிற வரை பார்த்து, கணக்குப் போட்டேன். கொய்யாப்பழத்தில் கால்சியம் பேருக்குத்தான் இருந்தது. வாழைப்பழம் அதைவிட மோசம். ஆலம்பழத்தில் நன்றாகவே இருந்தது. இலையில் எல்லாவற்றையும்விட ஜாஸ்தி. மெல்லாத இலைக்கும் துப்பிய சக்கைக்கும் இருந்த வித்தியாசம் வௌவாலின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். உப்புச் சத்து மட்டும் எதிலுமே கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை.

"பழத்துல இனிப்பு இருக்கு, பறக்கறதுக்கு அது போதும்மா. எலும்புக்குச் சுண்ணாம்பு எங்கேந்து வரும்? ஒடம்புக்கு உப்பு எங்கேந்து வரும்? அதத் தேடித்தான் இதுங்க அலையுதுங்க," என்றார். வேறு யாராக இருந்தாலும் நினைத்தது சரியாக வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் முகம் வாடிப்போயிற்று. "ஒருவேள ரோடு போடறேன்னு அந்த ஆலமரத்த வெட்டிட்டாங்கன்னா இதுங்க என்னாம்மா பண்ணும்?"

அவர் தேடிக்கொண்டிருந்த வௌவால் கூட்டங்களில் ஒன்று எங்கள் குப்பத்து ஓரத்திலேயே இருந்தது. மூடிக்கிடக்கிற ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இரண்டு புளியமரங்கள். பகல் முழுக்க நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவார், துணைக்கு நான் போவேன். மழைக்கோட்டு, கண்ணாடி, இரண்டு முகக்கவசம், விரித்த குடை என்று அவர் அந்தக் கொளுத்துகிற வெயிலில் நடந்து வருவதைப் பார்க்கக் குப்பத்தில் ஒரு கூட்டமே கூடும். ஆறு வயது ஆன என் மகள் அவரை ‘வவ்வா பெரிம்மா’ என்று கூப்பிடுவாள். மரத்திலிருந்து தள்ளி, பிளீச்சிங் பவுடரால் தரையில் ஒரு கோடு கிழித்து, "கண்ணு, பெரிம்மா இருந்தாலும் இல்லன்னாலும் இந்தக் கோட்டத் தாண்டி வரக் கூடாது, என்னா?" என்று அவளிடம் ஒவ்வொரு வாரமும் சொல்வார். அவள் ஒவ்வொரு வாரமும் தலையாட்டுவாள்.

பங்குனியில் தாய் வௌவால்கள் குட்டிகளை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு தொங்கின. பைனாகுலரை என்னிடம் கொடுத்துக் காட்டினார்.

"அந்தக் குட்டி பறக்கணும்னா றெக்க எலும்பு நல்லா இறுகணும். அதுக்கு வேண்டிய சுண்ணாம்பு பாலுலதான் போவணும். தாயி திங்கறதுல அது கெடைக்கலன்னா தன் எலும்பக் கரைச்சுக் குடுக்கும்."

"அப்ப தாயோட கதி?"

"அதான் பயமா இருக்கு," என்றார். அந்த அம்மாள் தனக்காக மட்டும் பயப்படவில்லை என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "உங்களுக்கு எதுலதாங்க்கா பயம் இல்ல?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவர் கை தட்டிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம்தான். மரத்துக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் என் அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த இறால் குட்டைகள் இருந்தன. பொழுது சாய்ந்து வௌவால்கள் கிளம்புகிற நேரத்தில், தாய் வௌவால்களே அதிகம் குட்டைமேல் தாழப் பறந்து, வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எழும்பிப் போயின. போய்க் கிளையில் தொங்கிக்கொண்டு நனைந்த ரோமத்தை நக்கின. "உப்பு! பாரேன், உப்புக்கு வருதுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வாரமே போயிற்று. அண்ணனின் ஒரு குட்டையில் இறால் சாக ஆரம்பித்தது. வௌவால் எச்சில்தான் காரணம் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டது. நான் தண்ணீரைச் சோதித்து வேறு காரணம் சொன்னேன், காதில் வாங்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் மேடம் பாப்பேன். அப்புறம் ஆயிரம் வாலாவ மரத்துக்குக் கீழ கொளுத்திப் போட்டுருவேன். வேற ஊரு பாத்துப் போவட்டும்."

"அண்ணே, பகல்ல வெடி போட்டா பதறிப் பறக்கும். குட்டிங்க கீழ வுழுந்து செத்துடும்."

"எனக்கும் வூட்ல குட்டிங்க இருக்குதுங்க மேடம்."

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாட்டுத் தீவனக் கடையில், மாடு நக்குவதற்கென்று செங்கல் அளவில், செங்கல் நிறத்தில் தாது உப்புக்கட்டி விற்பார்கள். நடுவில் ஓட்டை இருக்கும், கயிறு கோத்துத் தொழுவத்தில் தொங்கவிடலாம். குட்டைக்கு உப்புக்காகத்தானே வருகிறது? உப்பை மரத்திலேயே கட்டிவிட்டால்?

அக்கா உடனே தலையை ஆட்டினார். "வேணாம்மா. ஒருவேள வேற எதுனா வந்து நக்குனா? ஆடு, மாடு?"

"அவ்ளோ ஒசரத்துக்கு மாடா ஏறப் போவுது?"

"ஒருவேள புள்ளைங்க..."

"வவ்வா மூத்திரம் நாறுற மரத்துல எந்தப் புள்ளக்கா வந்து உப்பு நக்கும்? நீங்க இப்பிடியே பயந்துக்கினு இருங்க, ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வெடியக் கொளுத்தட்டும்."

அவர் பைனாகுலரை எடுத்து மரத்திலிருந்த குட்டிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சரி என்றார். அவர் தன் பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொருவர் பேச்சைக் கேட்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு முறைதான். என் வீட்டுக்காரர் மரமேறிக் கட்டினார். கீழே நின்று கயிற்றை எடுத்துக் கொடுத்தது நான். கோட்டுக்கு அந்தப் பக்கம் என் மகள் நின்று வேடிக்கை பார்த்தாள்.

பத்து நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. "கொஞ்சம் கொறைஞ்சாப்லதான் இருக்குது," என்று அண்ணனும் வெடியைத் தள்ளிப் போட்டது. உண்மையில் குறைந்ததா, வௌவால் அந்தக் கட்டியைத் தொட்டதா என்பதே கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. கடல்காற்றில் உப்பு கசியும், உதிரும். மழைக்காலத்தில் என் வீட்டு உப்பு ஜாடி பாதி தண்ணீராகத்தான் இருக்கும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள், அதை யோசித்திருக்க வேண்டாமா நான்?

அந்தப் பத்து நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மரத்தடியில் குனிந்து, இடுக்கியால் எதையோ எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி கடித்த புளியங்காய். கடித்த இடத்தில் செங்கல் நிறத்தில் உப்புப் பொடி ஒட்டியிருந்தது. துப்பிய சக்கையிலும் கடித்த பழத்திலும் பல்லின் அடையாளத்தைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

"இது வவ்வால் பல்லு இல்ல," என்றார்.

"அணிலா இருக்கும்."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கின்றன. "பாப்பாக்கு முன்பல்லு எத்தன வுழுந்திருக்கு?"

இரண்டு விழுந்திருந்தன. புளியங்காயில் இரண்டு பல் அகலத்துக்கு நடுவில் கடிபடாமல் மேடாக இருந்தது.

எங்கள் ஊரில் புளியங்காயை உப்பில்லாமல் தின்கிற பிள்ளை உண்டா? அரைப்பாவாடை முடிச்சில் உப்பைக் கட்டிக்கொண்டு போய்த்தான் நானும் தின்று வளர்ந்தேன். அப்படிப்பட்டவள் புளியமரத்தில் உப்பைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறேன்.

"அம்மா கட்டுன உப்புதாம்மா," என்றாள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மகள், என் முகத்தைப் பார்த்து அழத் தயாராகி. "கீழ வுழுந்து கெடந்துச்சு. தொட்டுக்கிட்டேன்."

"எத்தினி நாளா?"

"நெதமும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

அந்த வாரம் முழுக்க டிவியில் பக்கத்து மாநிலத்து நிபா காய்ச்சல் செய்திதான். வௌவால் எச்சில், வௌவால் கடித்த பழம் என்று விடாமல் காட்டிக்கொண்டிருந்தார்கள். மகளை இழுத்துக்கொண்டு போய் வாயைக் கழுவினேன், கழுவினேன், அவள் ஈறு சிவக்கிற வரை கழுவினேன். அக்காதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா ஒன்றையும் மறைக்காமல், எத்தனை நாள், எவ்வளவு, எந்த மரம் என்று எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நம் பக்கத்து வௌவால்களில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று தெரியாது, அநேகமாக ஒன்றும் ஆகாது, காய்ச்சல் இல்லாமல் இப்போது எதையும் சோதிக்கவும் முடியாது, இருபத்தொரு நாள் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், காய்ச்சல் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அநேகமாக என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்?

மறுநாள் விடிந்ததும் அக்கா தனியாகப் போய், தொரட்டிக்கோலால் கயிற்றை அறுத்து அந்தக் கட்டியை இறக்கிப் பிளீச்சிங் பவுடர் கொட்டிப் புதைத்தார். சேதி கேட்டுக் குதித்துக்கொண்டு வந்த அண்ணனையும் அவர்தான் நிறுத்தினார். "இப்ப வெடி போட்டா பயந்து ஊரு பூரா பறக்கும். எச்சிலும் மூத்திரமும் எல்லா வூட்டு மேலயும் வுழும். தயவுசெஞ்சு வேணாம்ணே." அண்ணனும் பயந்துபோய்ப் பட்டாசுக் கட்டைப் பரணில் போட்டது.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு கேட்டுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் நிற்பார். பஸ்ஸிலும் வரவில்லை. ஓட்டப் பயந்து, வாங்கிய நாளிலிருந்து தூசி படிந்து கிடந்த ஸ்கூட்டியில் சிதம்பரத்திலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். முகக்கவசம் இப்போது மூன்று.

"எவ்ளோம்மா?" என்று அங்கிருந்து கத்துவார்.

"தொண்ணூத்தெட்டு!" என்று நான் தெர்மாமீட்டரைப் பார்த்து வாசலிலிருந்து கத்துவேன். எழுதிக்கொண்டு போய்விடுவார். மகள் ஜன்னலில் நின்று, "பெரிம்மா, உள்ள வா," என்று கூப்பிடுவாள். அவர் கையை மட்டும் ஆட்டுவார். பிள்ளை கூப்பிடக் கூப்பிட ஒருத்தி ரோட்டைத் தாண்ட மாட்டேன் என்று நின்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? என் பிள்ளையைப் பார்த்தே பயப்படுகிறாள் என்று எனக்குள் எரிந்தது.

பயம் என்றால் என்னவென்று எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. பகலில் பத்து முறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். என் உள்ளங்கை சூடா, அவள் நெற்றி சூடா என்று தெரியாமல் சுவரைத் தொட்டுவிட்டு மறுபடி தொடுவேன். இருமினால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவேன். சிரித்தாலும் பயம், இந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கென்று மிஞ்சிவிடுமோ என்று. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

பதிமூன்றாம் நாள் காலை தெர்மாமீட்டர் நூறைத் தாண்டி நூற்றிரண்டில் நின்றது.

எனக்குக் கத்தக்கூட வரவில்லை. இரண்டு விரலைக் காட்டி ஏதோ சைகை செய்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்டோவைப் பிடித்தது அவர்தான், ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் செய்து சொன்னதும் அவர்தான். ஆனால் ஆட்டோவில் ஏறவில்லை. "ஏறுங்கக்கா, எனக்குக் கை கால் ஓடல, ஏறுங்க," என்று கெஞ்சினேன். பின்வாங்கினார். "நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்." ஆஸ்பத்திரியிலும் உள்ளே வரவில்லை. வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஆள் இல்லாத மூலையாகப் பார்த்து நின்றார்.

மகளைத் தனி அறைக்குள் கொண்டுபோனதும் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் நேராக அவரிடம் போனேன்.

"உன் உசுரு மட்டும் இன்னா பெரிய உசுரா? வவ்வாலு வவ்வாலுன்னு நீ வந்ததாலதான இதெல்லாம்? என் புள்ள பெரிம்மா பெரிம்மான்னு கத்துது, கிட்ட வந்தா செத்துருவியா நீ? பயந்தாங்கொள்ளி!"

கட்டியைக் கட்டச் சொன்னது நான். வேண்டாம் என்றவர் அவர். அதை அவர் ஒரு சொல்லால் ஞாபகப்படுத்தியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அவர் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "இப்ப எவ்ளோம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தொண்டைச் சதை வீங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. இருந்தாலும் அந்த இரண்டு நாளும் டாக்டர்கள் முகத்தை மூடிக்கொண்டுதான் உள்ளே போய் வந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்கூட்டி நின்றது. நான் வாசலுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னார்.

ஒருவழியாக இருபத்தொன்றாம் நாள் வந்தது. தொண்ணூற்றெட்டு. நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அண்ணன் அழுதது, என் வீட்டுக்காரர் போய் ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். சந்தோஷத்தில் கோபமெல்லாம் போய்விட்டது எனக்கு. கேட்டை அகலத் திறந்துவிட்டு, "அக்கா, முடிஞ்சுபோச்சு! இனிமேயாவது உள்ள வாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே ரோட்டில் இறங்கினேன்.

அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வராதம்மா. எனக்கு நாளைக்குத்தான் முடியுது."

"இன்னாது முடியுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புச் செய்த பிள்ளை சொல்வதுபோலத்தான் சொன்னார். "அன்னிக்குக் காலையில கட்டிய இறக்கப் போனேன்ல. கீழ வுழுந்த துண்டு இருந்துச்சு. பாப்பா எப்பிடித் தின்னுச்சோ அப்பிடியே புளியங்காயத் தொட்டு நானும் தின்னுட்டேன்."

ரோட்டில் ஒரு மீன் வண்டி எங்களுக்கு நடுவே போயிற்று.

"பைத்தியமாக்கா நீங்க?"

"பயம்மா. ராத்திரி பூரா பயம். சின்னப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆயிரம் காரணம் இருக்கும், அதுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு வந்தா மொத தலவலிக்கே எனக்குத் தெரிஞ்சுடும். யாருக்கு முன்னாடி வரும்னு சொல்ல முடியாதுல்ல? எனக்கு முன்னாடி வந்துச்சுன்னா பாப்பாவக் காப்பாத்த ஒரு நாளாவது கெடைக்கும்." முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "அதான் பஸ்ல வரல. உங்க ஆட்டோலயும் ஏறல. ஒருவேள எனக்கு இருந்து, உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்றார்.

அறிவுள்ள காரியமா என்று கேட்டால் இல்லைதான். எந்த டாக்டரும் கேட்டால் திட்டுவார். எனக்கே அவரை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் ரோட்டைத் தாண்ட அவர் விடவில்லை. ஸ்வீட் பெட்டியோடு நான் இந்தப் பக்கம் நிற்க, அவர் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு, இரண்டு பக்கமும் நாலு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு நாளைப்போல ஒரு நாளை நான் கழித்ததில்லை. இருபத்தொரு நாளும் என் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மூன்று பேர் இருந்தோம். இவர் ஒற்றை அறையில் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வேறு பயந்தாங்கொள்ளி என்று கத்திவிட்டு வந்திருக்கிறேன். தலைவலிக்கிறதா என்று கேட்க மூன்று தடவை போன் செய்தேன். இல்லை என்றார். மறைக்கிறாரோ என்று இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். அவர் வருவதற்குள் நான் போய்விட வேண்டும். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் அவர் அறை. ஸ்கூட்டி கீழே நின்றது. படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன். உள்ளே ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் கதவை இடித்தேன்.

கதவு திறந்தது. தலையில் ஈரத் துண்டு, முகத்தில் அவசரமாக மாட்டிய முகக்கவசம், கையில் தெர்மாமீட்டர். நான் முதலில் பார்த்தது அதைத்தான். தொண்ணூற்றெட்டு.

அவர் பார்த்தது என்னை. இந்த நேரத்தில், இந்தக் கோலத்தில், அழுத முகத்தோடு வாசலில் நிற்கிற என்னை.

"பாப்பாக்கு என்னாச்சு?" என்றார்.

ஒன்றும் இல்லையக்கா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்துவிட்டார்.